பிட் ஃபீல்டு மட்டும் தப்பாக வருகிறதா? சி நூலகத்தோடு பேசும்போது பிழையைத் தேட ஒரு வரிசை

சி நூலகம் ஒன்றை பைத்தானிலிருந்து சிடைப்ஸ் (சி கோடைக் கூப்பிடப் பைத்தானோடு வரும் தொகுதி) வழியாகக் கூப்பிடுகிறீர்கள். மற்ற எல்லாம் ஒழுங்காக வருகிறது, ஸ்ட்ரக்டுக்குள் இருக்கும் பிட் ஃபீல்டுகள் (இத்தனை பிட் போதும் என்று அகலம் குறித்த உறுப்புகள்) மட்டும் உளறுகின்றன. முதல் இரண்டு சரி, மூன்றாவது தப்பு. அல்லது லினக்ஸில் சரி, விண்டோஸில் தப்பு. இந்த இடத்தில் நிற்பவருக்காக எழுதியது இது.

கூட வேலை பார்ப்பவர்கள் இதில் மாட்டிக்கொள்ளும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். கிட்டத்தட்ட எல்லாரும் முதலில் பைத்தான் பக்கம் ஃபீல்டுகளின் வரிசையை மாற்றி மாற்றிப் போட்டு ஓட்டிப் பார்க்கிறார்கள். ஏதோ ஒரு மாற்றத்தில், கையில் இருக்கும் ஒரே ஒரு சோதனைத் தரவுக்குச் சரியான எண் வந்துவிடும். சந்தோஷமாக கமிட் செய்துவிடுவார்கள். அடுத்த வாரம் வேறு தரவு வரும், மறுபடி உடையும். எந்த பிட் எங்கே இருக்கிறது என்று சி கம்பைலரிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளும்வரை பைத்தான் கோடில் ஒரு எழுத்தைக்கூடத் தொடாதீர்கள்.

உதாரணங்கள் சிடைப்ஸில் இருந்தாலும், 1 முதல் 3 வரையான படிகள் எந்த மொழிக்கும் பொருந்தும். அதன்பின் மொழிக்கு மொழி மாறும். கோ மொழியின் சிகோ, பிட் ஃபீல்டுகளை ஸ்ட்ரக்டிலிருந்தே விட்டுவிட்டு அந்த இடத்தை வெற்றிடமாக நிரப்பிவிடும். ரஸ்டின் பைண்ட்ஜென், படிக்கவும் எழுதவும் தனி மெத்தடுகளை உருவாக்கித் தரும்.

கட்டுரை முழுவதும் இந்த ஒரே ஸ்ட்ரக்டை வைத்துக்கொள்வோம்:

முறை: அன்சைன்டு சார், 3 பிட்
பிழை: அன்சைன்டு சார், 2 பிட்
எண்ணிக்கை: அன்சைன்டு இன்ட், 12 பிட்
வெப்பம்: சைன்டு இன்ட், 9 பிட்
தயார்: அன்சைன்டு இன்ட், 1 பிட்

மொத்தம் 27 பிட். பார்க்க அப்பாவியாக இருக்கும் இதே ஸ்ட்ரக்ட், ஒரு கம்பைலரில் 4 பைட், இன்னொன்றில் 8 பைட்.

0. கையில் வைத்துக்கொள்ள வேண்டியவை

நூலகத்தை எந்த கம்பைலர் கட்டியதோ அதே கம்பைலர், அதே ஆப்ஷன்களோடு. இதில் சமரசம் வேண்டாம். பிட் ஃபீல்டை நினைவகத்தில் எப்படி அடுக்குவது என்பதில் பெரும்பகுதியை சி தரநிலை கம்பைலரிடமே விட்டுவிடுகிறது. ஒரு யூனிட்டுக்குள் (ஃபீல்டுகளை வைக்க ஒதுக்கும் சார், இன்ட் போன்ற ஒரு வகையின் அளவு இடம்) எந்த முனையிலிருந்து நிரப்புவது, ஒரு ஃபீல்டு யூனிட்டின் எல்லையைத் தாண்டலாமா, வெறும் இன்ட் என்று எழுதினால் அது குறியுடையதா (எதிர்மறை எண்ணையும் ஏற்பதா) இல்லையா, எல்லாமே கம்பைலரின் முடிவு. ஆகவே உங்கள் மடிக்கணினியில் இருக்கும் கம்பைலர் சொல்வது, வேறொன்றால் கட்டிய நூலகத்துக்குச் சாட்சி ஆகாது.

ஆப்ஷன்களும் அப்படித்தான். ஜிசிசி கம்பைலரில் மைக்ரோசாஃப்ட் பாணி பிட் ஃபீல்டு, ஸ்ட்ரக்டை இறுக்கி அடுக்குவது, ஈனம் (enum, பெயர் வைத்த முழு எண்களின் வகை) அளவைச் சின்னதாக்குவது, குறியில்லாத பிட் ஃபீல்டு என்று ஒவ்வொன்றுக்கும் தனி ஆப்ஷன் இருக்கிறது. நூலகத்தின் மேக்ஃபைலைத் திறந்து இவற்றைத் தேடி எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது, ஹெடர் ஃபைலின் பிரிப்ராசஸ் செய்த வடிவம், அதாவது இன்க்ளூடும் மேக்ரோவும் விரிந்தபின் கம்பைலர் பார்ப்பது. ஹெடரை அப்படியே படிப்பது போதாது. ஒருமுறை புதிதாகச் சேர்ந்தவர் ஒருவர் இரண்டு நாள் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தார். அவர் பார்த்த ஹெடரில் பிராக்மா பேக் (ஸ்ட்ரக்டை இறுக்கி அடுக்கச் சொல்லும் வரி) எதுவுமே இல்லை. ஆனால் அதற்கு முன்னால் சேர்க்கப்பட்ட இன்னொரு ஹெடர் பேக் 1 என்று போட்டுவிட்டு, பழைய நிலைக்குத் திருப்ப மறந்திருந்தது. பிரிப்ராசஸ் செய்த வெளியீட்டில் அந்த பிராக்மா வரி அப்படியே நிற்கும், கண்ணில் படும்.

கடைசியாக, பைத்தானின் பதிப்பு எண். இது ஏன் என்று 4ஆம் படியில் வருகிறது.

1. பிரச்சினையைத் தனியே பிரித்தெடுங்கள்

சாதனத்திலிருந்தோ நெட்வொர்க்கிலிருந்தோ வரும் உண்மையான தரவை வைத்துத் தேடாதீர்கள். அந்தத் தரவு சரியா என்பதே உங்களுக்குத் தெரியாது. இரண்டு தெரியாததை ஒன்றோடொன்று ஒப்பிட்டு எதையும் கண்டுபிடிக்க முடியாது.

பதிலாக இரண்டு சின்ன ஃபைல்கள். ஒன்று, நூலகத்தின் ஹெடரைச் சேர்த்துக்கொண்டு அந்த ஸ்ட்ரக்டை மட்டும் பயன்படுத்தும் சி நிரல். மற்றொன்று, சிடைப்ஸ் வகுப்பு மட்டும் உள்ள பைத்தான் ஃபைல். ஸ்ட்ரக்டின் வரையறையைக் காப்பி செய்து சி ஃபைலில் ஒட்டாதீர்கள், ஹெடரையே சேருங்கள். காப்பி செய்தால் மேலே சொன்ன பேக் விவகாரம் போல ஏதாவது ஒன்று வழியில் தொலைந்துவிடும்.

2. முதலில் அளவு

இரண்டு பக்கமும் சைஸ்ஆஃப் அச்சிடுங்கள். நம் ஸ்ட்ரக்டுக்கு எக்ஸ்86 64 பிட் லினக்ஸில் ஜிசிசி 4 என்று சொல்லும். மைக்ரோசாஃப்ட் கம்பைலர் 8 என்று சொல்லும்.

அளவே ஒத்துவரவில்லை என்றால் பிட் நிலைகளைப் பார்ப்பது வீண். அளவு தப்பானதற்கு வெளியே தெரியும் அறிகுறி ஒன்று உண்டு: ஸ்ட்ரக்டுகளின் வரிசையைப் படிக்கும்போது முதலாவது சரியாக வரும், இரண்டாவதிலிருந்து குப்பை. ஒவ்வொரு தாவலும் தப்பான தூரம் போவதால் வருவது இது.

அளவு ஒத்துப்போனாலும் நிம்மதி அடைந்துவிடாதீர்கள். பலர் இந்த இடத்தில் நிறுத்திவிடுகிறார்கள். உள்ளே ஃபீல்டுகள் எப்படிக் கலைந்து கிடந்தாலும் வெளியே அளவு ஒன்றாகவே இருக்கலாம்.

3. சி பக்கம்: ஒரு ஃபீல்டு, ஒரு வரி

இதுதான் முக்கியமான படி.

சியில் பிட் ஃபீல்டின் முகவரியை எடுக்க முடியாது. ஆஃப்செட்ஆஃப் வேலை செய்யாது, சைஸ்ஆஃபும் செய்யாது. எனவே ஒரு ஃபீல்டு எங்கே இருக்கிறது என்று நேராகக் கேட்க வழியில்லை, எழுதிப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

செய்முறை: ஸ்ட்ரக்ட் முழுவதையும் மெம்செட்டால் பூஜ்யமாக்குங்கள். ஒரே ஒரு ஃபீல்டுக்கு மட்டும் மைனஸ் 1 கொடுங்கள். ஸ்ட்ரக்டின் முகவரியை அன்சைன்டு சார் பாயிண்டராக மாற்றி, ஒவ்வொரு பைட்டையும் இரும எண்ணாக அச்சிடுங்கள். மறுபடி பூஜ்யம், அடுத்த ஃபீல்டு.

ஏன் மைனஸ் 1? குறியுள்ள ஃபீல்டோ இல்லாததோ, மைனஸ் 1 கொடுத்தால் அதன் எல்லா பிட்டும் ஒன்றாகிவிடும். ஒவ்வொரு ஃபீல்டுக்கும் அதிகபட்ச எண் என்ன என்று கணக்குப் போட வேண்டியதில்லை. கம்பைலர் எச்சரித்தால் இந்த ஒரு இடத்தில் மட்டும் கண்டுகொள்ளாமல் விடலாம்.

மெம்செட்டை மறந்தால் யாருக்கும் சொந்தமில்லாத இடைவெளி பிட்டுகளில் பழைய குப்பை நிற்கும், அதை ஃபீல்டு என்று நினைத்து ஏமாறுவீர்கள். ஸ்ட்ரக்டை அறிவிக்கும்போதே பூஜ்யம் கொடுப்பதைவிட மெம்செட் பாதுகாப்பானது, அது இடைவெளி உட்பட எல்லா பைட்டையும் தொடும்.

ஜிசிசியில் நம் ஸ்ட்ரக்டுக்கு வரும் வெளியீடு இது. பைட்டுகள் நினைவக வரிசையில், ஒவ்வொரு பைட்டிலும் இடது ஓரத்தில் பெரிய பிட்:

முறை: 00000111 00000000 00000000 00000000
பிழை: 00011000 00000000 00000000 00000000
எண்ணிக்கை: 11100000 11111111 00000001 00000000
வெப்பம்: 00000000 00000000 11111110 00000011
தயார்: 00000000 00000000 00000000 00000100

மூன்றாவது வரியை நிதானமாகப் பாருங்கள். எண்ணிக்கை 5ஆம் பிட்டில் தொடங்கி 16இல் முடிகிறது. முதல் பைட்டின் மேல் மூன்று பிட், இரண்டாவது பைட் முழுவதும், மூன்றாவதில் கடைசி ஒரு பிட். முறையும் பிழையும் சார் வகை, எண்ணிக்கை இன்ட் வகை. இருந்தும் ஜிசிசி அதே முதல் பைட்டின் மிச்ச இடத்திலேயே எண்ணிக்கையைத் தொடங்கிவிட்டது.

மைக்ரோசாஃப்ட் கம்பைலரில் அதே நிரல், 8 பைட். இரண்டாவது, மூன்றாவது, நான்காவது பைட்டும் எட்டாவது பைட்டும் எல்லா வரியிலும் பூஜ்யம்தான், அதனால் முதல் பைட்டையும் ஐந்து முதல் ஏழு வரையான பைட்டுகளையும் மட்டும் காட்டுகிறேன்:

முறை: 00000111 | 00000000 00000000 00000000
பிழை: 00011000 | 00000000 00000000 00000000
எண்ணிக்கை: 00000000 | 11111111 00001111 00000000
வெப்பம்: 00000000 | 00000000 11110000 00011111
தயார்: 00000000 | 00000000 00000000 00100000

அடுத்தடுத்த இரு பிட் ஃபீல்டுகளின் வகை அளவு வேறானால், மைக்ரோசாஃப்ட் கம்பைலர் புது யூனிட்டைத் தொடங்கிவிடும். சாரிலிருந்து இன்டுக்கு மாறியதும் நான்காம் ஆஃப்செட்டுக்குத் தாவியது அதனால்தான்.

இந்த வெளியீட்டை ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் சேமித்து வையுங்கள். இனி இதுதான் உண்மை. ஹெடரில் இருக்கும் கமெண்ட், ஆவணத்தில் இருக்கும் படம், உங்கள் மனக்கணக்கு எதுவும் இதற்கு முன் நிற்காது.

சரிபார்ப்பு ஒன்று: எல்லா வரிகளிலும் உள்ள ஒன்றுகளை எண்ணுங்கள். 27 வர வேண்டும். இரண்டு வரிகளில் ஒரே இடத்தில் ஒன்று இருக்கக் கூடாது.

நிரல் எழுத அலுப்பாக இருந்தால் கருவிகளும் உண்டு. ஜிடிபி டிபக்கரில் 8.1 பதிப்பு முதல், பிடைப் கட்டளையோடு ஓ என்ற ஆப்ஷனைச் சேர்த்தால் ஒவ்வொரு ஃபீல்டின் பைட் ஆஃப்செட்டும் பிட் நிலையும் தெரியும். பாஹோல் கருவியும் அதே வேலையைச் செய்யும். கிளாங் கம்பைலரிடம் ரெக்கார்ட் லேஅவுட்டை டம்ப் செய்யச் சொல்லலாம். முதல் இரண்டுக்கும் டிபக் தகவலோடு கம்பைல் செய்திருக்க வேண்டும். அந்த வகையில் ஒரு குளோபல் மாறியாவது நிரலில் இருக்கட்டும். யாரும் பயன்படுத்தாத வகையின் டிபக் தகவலை ஜிசிசி எழுதாமலே விட்டுவிடும், "அப்படி ஒரு ஸ்ட்ரக்டே இல்லை" என்று ஜிடிபி சொன்னதும் திகைத்துப் போவீர்கள். கருவிகளை நான் சந்தேகம் தீர்க்கத்தான் வைத்துக்கொள்கிறேன். அடுத்த படியில் பைத்தான் வெளியீட்டோடு வரிக்கு வரி ஒப்பிட வசதி, கையால் அச்சிட்ட பைட்டுகள்தான்.

4. பைத்தான் பக்கம்: அதே வெளியீடு

சிடைப்ஸ் வகுப்பில் ஒவ்வொரு ஃபீல்டுக்கும் பெயர், வகை, மூன்றாவதாக பிட் அகலம் கொடுப்பீர்கள். வகை சியில் உள்ள வகையேதான் இருக்க வேண்டும். "எப்படியும் 3 பிட்தானே" என்று சாருக்குப் பதில் இன்ட் போடுவது அடிக்கடி நடக்கும் தவறு. அகலம் எத்தனை பிட் என்று மட்டும் சொல்கிறது, எந்த யூனிட்டில் உட்காரும் என்பதை வகைதான் தீர்மானிக்கிறது.

புது ஆப்ஜெக்ட் உருவாக்குங்கள், அது பூஜ்யமாகவே பிறக்கும். ஒரு ஃபீல்டுக்கு மைனஸ் 1 கொடுங்கள். ஆப்ஜெக்டை பைட்ஸ் ஆக மாற்றி, அதே வடிவத்தில் அச்சிடுங்கள். ஒரு ஃபீல்டுக்கு ஒரு புது ஆப்ஜெக்ட்.

இப்போது இரண்டு டெக்ஸ்ட் ஃபைல்கள் இருக்கின்றன. டிஃப் எடுங்கள். கண்ணால் ஒப்பிடாதீர்கள், பூஜ்யமும் ஒன்றும் நிறைந்த பத்து வரிக்குப் பிறகு கண் பொய் சொல்லும்.

ஃபீல்டின் விவரத்தை சிடைப்ஸிடமே கேட்கலாமே என்று சிலர் வகுப்பின் ஃபீல்டு ஆப்ஜெக்டிலிருந்து சைஸ் பண்பை அச்சிடுவார்கள். எண்ணிக்கைக்கு 786437 என்று வரும். பதறாதீர்கள், நினைவகம் ஒன்றும் கெட்டுவிடவில்லை. பிட் ஃபீல்டுக்கு அந்தப் பண்பில் இரண்டு எண்கள் ஒன்றாகக் கட்டப்பட்டிருக்கும்: மேல் பகுதியில் அகலம், கீழ் 16 பிட்டில் தொடக்க நிலை. 12ஐ 65536ஆல் பெருக்கினால் 786432, அதோடு 5. அகலம் 12, தொடக்கம் 5, சி பக்க வெளியீட்டோடு அச்சாகப் பொருந்துகிறது. பைத்தான் 3.14 முதல் பிட் அகலத்துக்கும் பிட் ஆஃப்செட்டுக்கும் தனித்தனிப் பண்புகள் இருக்கின்றன, அவற்றையே பயன்படுத்துங்கள்.

பதிப்பு எண்ணைக் குறித்துக்கொள்ளச் சொன்னதும் இந்த 3.14 காரணமாகத்தான். அந்தப் பதிப்பில் பிட் ஃபீல்டுகளை அடுக்கும் முறை அந்தந்த தளத்தின் கம்பைலருக்கு இன்னும் நெருக்கமாக மாற்றப்பட்டது. அதற்கு முன், வகைகள் கலந்த சில ஸ்ட்ரக்டுகளில் ஃபீல்டுகள் ஒன்றின் மேல் ஒன்று விழுவது நடந்தது. ஆக, நேற்று வரை "வேலை செய்த" கோடு பதிப்பு மாறியதும் உடைந்தால், புதுப் பதிப்பை உடனே குறை சொல்லிவிடாதீர்கள். தப்பான அடுக்குக்கு ஏற்றபடி யாரோ ஃபீல்டுகளை வளைத்து எழுதியிருக்கலாம். அப்படி எழுதியவர் நீங்களாகவும் இருக்கலாம். எனக்கு அது நடந்திருக்கிறது.

5. முதல் வேறுபாட்டை மட்டும் படியுங்கள்

டிஃபில் ஐந்து வரி சிவப்பாக இருந்தாலும், முதல் வரியை மட்டும் எடுங்கள். ஒரு ஃபீல்டு நகர்ந்தால் பின்னால் வருவதெல்லாம் சேர்ந்து நகரும். முதலாவதைச் சரிசெய்ததும் மிச்சம் பெரும்பாலும் தானாகச் சரியாகும்.

எந்தத் திசையில் எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்பதிலேயே காரணம் இருக்கும்.

*அடுத்த முழு யூனிட்டுக்குத் தாவியிருந்தால்:* மேலே பார்த்த வகை மாற்ற விவகாரம். ஒரு பக்கம் மைக்ரோசாஃப்ட் பாணி, மறுபக்கம் ஜிசிசி பாணி. விண்டோஸில் ஜிசிசி வழியாகக் கட்டிய நூலகம் என்றால் எந்தப் பாணி என்று கட்டிய ஆப்ஷனைப் பாருங்கள். பைத்தான் 3.14 முதல் வகுப்பிலேயே லேஅவுட் என்ற பண்பில் எந்தப் பாணி வேண்டும் என்று சொல்லலாம்.

*சில பிட்டுகள் மட்டும் முன்னால் வந்திருந்தால்:* பேக் விவகாரம். ஷார்ட் வகையில் 5, 5, 7 பிட் என்று மூன்று ஃபீல்டு வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 17, ஒரு ஷார்டில் கொள்ளாது. சாதாரணமாக மூன்றாவது ஃபீல்டு அடுத்த ஷார்டுக்குப் போகும், 16ஆம் பிட்டில் தொடங்கும், மொத்தம் 4 பைட். ஜிசிசியில் பேக்டு என்று போட்டால் அது 10ஆம் பிட்டிலேயே தொடங்கி எல்லையைத் தாண்டிப் போகும், மொத்தம் 3 பைட். மைக்ரோசாஃப்ட் கம்பைலரில் பேக் 1 போட்டாலும் எல்லையைத் தாண்டாது, 4 பைட்தான். ஒரே சொல், இரண்டு அர்த்தம்.

இதில் சிடைப்ஸ்காரர்களுக்கு ஒரு பொறி இருக்கிறது. லினக்ஸில் வகுப்புக்குப் பேக் பண்பு கொடுத்தால் 3.14இல் அது மைக்ரோசாஃப்ட் பாணியைத்தான் எடுத்துக்கொள்ளும். ஜிசிசி இறுக்கி அடுக்கிய பிட் ஃபீல்டுகளை இந்த வழியில் சொல்லவே முடியாது. முட்டி மோதாமல் நேராக 9ஆம் படிக்குப் போங்கள்.

பழைய கம்பைலர் கட்டிய நூலகம் என்றால் இன்னொன்றும் உண்டு. சார் வகை பிட் ஃபீல்டில் பேக்டு என்பதை ஜிசிசி 4.1 முதல் 4.3 வரையான பதிப்புகள் கண்டுகொள்ளாது. 4.4 முதல் மதிக்கத் தொடங்கியது. அதே மூல நிரல், இரு பதிப்பில் இரு அடுக்கு.

*பைட்டுக்குள் இடமும் வலமும் மாறியிருந்தால்:* பிட் வரிசை. இதற்கு ஐபிவி4 நெட்வொர்க் பாக்கெட்டின் தலைப்பில் உள்ள முதல் பைட்டைவிட நல்ல உதாரணம் இல்லை. வழக்கமாக அதன் மதிப்பு 69, அதாவது 01000101. மேல் நான்கு பிட்டில் பதிப்பு 4, கீழ் நான்கில் தலைப்பு நீளம் 5. படத்தில் பதிப்பு முதலில் இருப்பதால் புதியவர்கள் ஃபீல்டு பட்டியலிலும் அதையே முதலில் எழுதுவார்கள். லிட்டில் எண்டியன் (கீழ் பைட்டை முதலில் வைக்கும்) கணினியில் முதல் ஃபீல்டு கீழ் பிட்டுகளில் உட்காரும், ஆகவே பதிப்பு 5, நீளம் 4 என்று வரும். லினக்ஸ் ஹெடரில் இந்த இரண்டு ஃபீல்டும் எண்டியனைப் பொறுத்து முன்னும் பின்னுமாக இரண்டு முறை எழுதப்பட்டிருப்பது இதனால்தான். சிடைப்ஸில் பிக் எண்டியன் ஸ்ட்ரக்சர் வகுப்பை எடுத்தால் மேல் பிட்டிலிருந்து நிரப்பும், படத்தில் உள்ள வரிசையிலேயே எழுதலாம்.

*ஏதோ ஒரு இடத்தில் மட்டும் அடுத்த எல்லைக்குத் தாவியிருந்தால்:* ஹெடரில் பெயரில்லாத, பூஜ்ய அகல ஃபீல்டு ஒன்று ஒளிந்திருக்கும். "இங்கிருந்து புது யூனிட் தொடங்கு" என்று அதற்குப் பொருள். சிடைப்ஸ் பூஜ்ய அகலத்தை ஏற்காது. 3ஆம் படி வெளியீட்டில் எத்தனை பிட் காலியாக இருக்கிறது என்று எண்ணி, அந்த அகலத்துக்கு ஒரு வெற்று ஃபீல்டு போடுங்கள்.

*32 பிட்டுக்கும் 64 பிட்டுக்கும் இடையே குழப்பம் என்றால்:* லாங். 64 பிட் லினக்ஸில் அது 8 பைட், 64 பிட் விண்டோஸில் 4 பைட்.

6. இடம் சரி, மதிப்பு தப்பு: குறியைப் பாருங்கள்

டிஃப் சுத்தமாக வந்தபிறகும் மதிப்பு தப்பென்றால் குறிதான் காரணம்.

வெப்பம் 9 பிட், குறியுள்ளது. மைனஸ் 256 முதல் 255 வரை. பைத்தான் பக்கம் அன்சைன்டு என்று எழுதியிருந்தால் மைனஸ் 5 என்பது 507 ஆகத் தெரியும். பூஜ்யத்துக்கு மேல் எல்லாம் சரியாக வரும் என்பதால் இது மாதக்கணக்கில் ஒளிந்திருக்கும்.

எதிர்த்திசையிலும் நடக்கும். ஒரு பிட் அகலத்தில் குறியுள்ள இன்ட் என்றால் அதில் அடங்குவது 0, மைனஸ் 1 இரண்டே மதிப்புகள். 1க்குச் சமமா என்று ஒப்பிட்டால் ஒருநாளும் உண்மை ஆகாது. சியில் வெறும் இன்ட் என்று எழுதிய பிட் ஃபீல்டை ஜிசிசி வழக்கமாகக் குறியுள்ளதாக எடுத்துக்கொள்ளும்.

ஈனம் வகை பிட் ஃபீல்டு இன்னும் நயவஞ்சகம். மைக்ரோசாஃப்ட் கம்பைலரில் ஈனம் குறியுள்ள இன்ட். 0 முதல் 3 வரை மதிப்புள்ள ஈனமை 2 பிட்டில் வைத்தால் 2, 3 இரண்டும் எதிர்மறையாகத் திரும்பும். எதிர்மறை மதிப்பு இல்லாத ஈனமை ஜிசிசி குறியில்லாததாக எடுத்துக்கொள்ளும், அங்கே சரியாக வரும்.

சோதனை எளிது: சி பக்கம் ஒவ்வொரு ஃபீல்டையும் மைனஸ் 1ஆல் நிரப்பிய பிறகு, அதையே எண்ணாகப் படித்து அச்சிடுங்கள். மைனஸ் 1 வந்தால் குறியுள்ளது, நேர் எண் வந்தால் இல்லாதது. பைத்தான் பக்கமும் அதே. 3ஆம் படியின் ஒவ்வொரு வரியின் இறுதியிலும் இந்த எண்ணையும் சேர்த்து அச்சிட்டுவிட்டால் தனிப் படியே தேவையில்லை.

7. எழுதும்போது வரும் சிக்கல்கள்

படிப்பது சரியானால் எழுதுவதும் பெரும்பாலும் சரிதான். இரண்டு விஷயம் மட்டும்.

அகலத்தில் கொள்ளாத எண்ணைக் கொடுத்தால் சிடைப்ஸ் பிழை எதுவும் எழுப்பாது, மேல் பிட்டுகளை வெட்டிவிட்டு எழுதும். 12 பிட் எண்ணிக்கைக்கு 5000 கொடுத்தால் உள்ளே போவது 904. எழுதும் இடத்தில் வரம்பைச் சோதிப்பது உங்கள் பொறுப்பு.

இரண்டாவது, ஒரு பிட்டை மாற்ற முழு யூனிட்டையும் படித்து, மாற்றி, திருப்பி எழுத வேண்டும். அந்த இடைவெளியில் சி நூலகத்தின் இன்னொரு திரெட் பக்கத்து ஃபீல்டை மாற்றினால் அந்த மாற்றம் போய்விடும். சி11 தரநிலையே அடுத்தடுத்த பிட் ஃபீல்டுகளை ஒரே நினைவக இடமாகத்தான் கணக்கில் எடுக்கிறது. இது எப்போதாவது ஒருமுறை வரும் பிழை, 4ஆம் படியின் டிஃபில் சிக்காது. ஹார்ட்வேர் ரெஜிஸ்டர் மேல் நேராக பிட் ஃபீல்டை வைக்காதீர்கள்.

8. ஸ்ட்ரக்டை மதிப்பாக அனுப்பாதீர்கள்

பைட்டுகள் சரி, குறி சரி, ஆனால் ஃபங்ஷனுக்குள் போனதும் குப்பை என்றால், அந்த ஃபங்ஷன் ஸ்ட்ரக்டை பாயிண்டராக வாங்குகிறதா, மதிப்பாக வாங்குகிறதா என்று பாருங்கள்.

பிட் ஃபீல்டு உள்ள ஸ்ட்ரக்டை மதிப்பாக அனுப்புவதை சிடைப்ஸ் ஆதரிப்பதில்லை, அதன் ஆவணமே பாயிண்டராக அனுப்பச் சொல்கிறது. அடியில் இருக்கும் லிப்எஃப்எஃப்ஐ நூலகத்தில் பிட் ஃபீல்டு என்ற வகையே கிடையாது. ஒரு ஸ்ட்ரக்ட் எந்த ரெஜிஸ்டரில் போக வேண்டும் என்பது அதன் உறுப்புகளைப் பொறுத்தது, அந்த உறுப்புகளைச் சொல்லவே அதற்கு வழியில்லை. ஒரு கணினியில் தற்செயலாக வேலை செய்தாலும் நம்பாதீர்கள்.

நூலகத்தை மாற்ற முடியாதென்றால் நான்கு வரியில் ஒரு சி உறை எழுதுங்கள்: பாயிண்டரை வாங்கி, உள்ளே மதிப்பாக மாற்றி உண்மையான ஃபங்ஷனைக் கூப்பிடட்டும். மதிப்பாகத் திரும்பி வருவதற்கும் இதே உறைதான்.

9. எப்போது கைவிடுவது

ஜிசிசி பேக்டு ஸ்ட்ரக்ட், பல தளங்களில் ஓட வேண்டிய கோடு, பல பைத்தான் பதிப்புகளை ஆதரிக்க வேண்டிய தொகுப்பு. இந்த மூன்றில் ஒன்று இருந்தாலும் பைத்தான் பக்கம் பிட் ஃபீல்டை எழுதுவதையே நான் விட்டுவிடுவேன்.

இரண்டு வழி இருக்கிறது. ஸ்ட்ரக்டை வெறும் பைட் வரிசையாக அறிவித்துவிட்டு, 3ஆம் படி வெளியீட்டிலிருந்து கிடைத்த நிலைகளை வைத்து ஷிஃப்டும் மாஸ்கும் செய்து நீங்களே எடுப்பது ஒன்று. எண்ணிக்கை வேண்டுமா, நான்கு பைட்டையும் லிட்டில் எண்டியன் முழு எண்ணாக்கி, 5 பிட் வலது பக்கம் தள்ளி, 4095ஓடு ஆண்ட் செய்யுங்கள். வெப்பத்துக்கு 17 பிட் தள்ளி 511ஓடு ஆண்ட், கிடைத்தது 255க்கு மேல் என்றால் 512 கழியுங்கள். அசிங்கமாகத்தான் இருக்கும். ஆனால் படிப்பவருக்கு எந்தப் புதிரும் இல்லை.

மற்றது, ஒவ்வொரு ஃபீல்டுக்கும் ஒரு படிக்கும் ஃபங்ஷன், ஒரு எழுதும் ஃபங்ஷன் என்று சியிலேயே எழுதி, நூலகத்தைக் கட்டும் அதே கம்பைலரால் கட்டுவது. அடுக்கு என்னவென்று பைத்தானுக்குத் தெரியவே வேண்டாம். நூலகத்தோடு சேர்த்து சி கோடு கட்ட வசதி இருந்தால் நான் இதைத்தான் தேர்ந்தெடுப்பேன்.

10. அந்த இரண்டு ஃபைலையும் தூக்கிப் போடாதீர்கள்

3ஆம், 4ஆம் படிகளில் எழுதிய நிரல்கள் ஏற்கெனவே ஒரு டெஸ்ட்தான். நூலகத்தின் ஹெடரோடு சி நிரலைக் கட்டு, ஓட்டு, பைத்தான் வெளியீட்டோடு ஒப்பிடு, வேறுபட்டால் தோல்வி. இதைத் தானியங்கி சோதனையில் சேர்த்துவிடுங்கள்.

சி வெளியீட்டை ஒருமுறை எடுத்து ஃபைலாகச் சேமித்து அதோடு மட்டும் ஒப்பிடுவது போதாது. நூலகத்தின் புதுப் பதிப்பில் யாராவது நடுவில் ஒரு பிட்டைச் சேர்த்தால் சேமித்த ஃபைலுக்கு அது தெரியாது. சி நிரல் ஒவ்வொரு முறையும் புதிதாகக் கட்டப்பட வேண்டும். புதிதாகச் சேர்ந்த ஃபீல்டு சி நிரலிலும் இல்லாமல் போகலாமே என்றால், நீங்கள் ஆதரிக்கும் ஒவ்வொரு தளத்திலும் அதற்கென்று எதிர்பார்க்கும் அளவை ஒரு ஸ்டாட்டிக் அசர்ட்டாக (கம்பைல் செய்யும்போதே சோதிக்கும் வரி) சி நிரலில் எழுதி வையுங்கள். நம் ஸ்ட்ரக்டுக்கு லினக்ஸில் 4, விண்டோஸில் 8. லினக்ஸில் மீதமிருக்கும் 5 பிட்டுக்குள்ளேயே புது ஃபீல்டு அடங்கிவிட்டால் அளவு மாறாது, அசர்ட் பேசாது. நூலகத்தைப் புதுப்பிக்கும் ஒவ்வொரு முறையும் ஹெடரின் டிஃபையும் ஒருமுறை திறந்து பாருங்கள்.